நாற்பத்தேழு நிமிடப் பேச்சும் மூன்றாவது ரீலும்

1. ஜெனரேட்டர் நின்றது

1981 மார்ச் 14, சனிக்கிழமை, இரவு 9.18-க்கு எங்கள் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நேரத்தை இப்போது யோசித்து எழுதவில்லை. அன்றைக்கே டார்ச் வெளிச்சத்தில் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன். எதிரே ஊரே இருட்டில் கத்திக்கொண்டிருக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அரசாங்க விளம்பர வேனில் ஆபரேட்டர் வேலை. ஆபீஸ் பெரம்பலூரில். 16 எம்.எம். புரொஜெக்டர், திரை, மைக் செட், ஒரு சிறிய ஜெனரேட்டர், இவற்றை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்ட வேண்டும். சிறுசேமிப்பு, குடும்பக் கட்டுப்பாடு, உர உபயோகம் என்று போகும் படங்கள். வேனை ஓட்டியவர் காதர் பாய், என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு முன்னால் ஆறு ஆபரேட்டர்களைப் பார்த்தவர். ஆறு பேரிலும் என்னைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை என்று அடிக்கடி சொல்வார். பாராட்டு என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அன்று போயிருந்தது குன்னத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர். பருத்தி எடுத்து முடித்திருந்த சமயம். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னை இன்னும் சிலர் மறக்காமல் இருக்கக்கூடும்.

ஜெனரேட்டர் பழுதாகவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு காட்சிக்கு மூன்று லிட்டர் என்று அளந்து கொடுப்பார்கள். எந்த ஆபரேட்டரும் அதற்குள் முடித்துவிடுவான். படம் மூன்று ரீல். மூன்றாவது ரீல் ஓட ஆரம்பித்துப் பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"வேன்ல இருந்து கொஞ்சம் எறக்குங்க பாய்" என்றேன் அவசரத்தில்.

"வேன் டீசல் தம்பி" என்றார் காதர் பாய். "ஏழு வருசமா டீசல்தான். நீங்கதான் டெய்லி லாக் புக்குல எழுதுறீங்க."

ஊரில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் சொந்தக்காரர் அதில் ஏறி அரியலூருக்குப் போயிருந்தார். பெட்ரோல் எங்கே போயிற்று என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். காதர் பாய் சொன்னார்: "சார் பேசுனாருல்ல, அதுல போச்சு."

2. இரண்டு பத்தி நோட்டு

அந்தப் படம் எங்கள் வழக்கமான சரக்கு அல்ல. சோவியத் நாட்டுப் படங்களைக் கிராமங்களில் ஒரு வாரம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. சென்னையிலிருந்து ரயில் பார்சலில் அரியலூர் ஸ்டேஷனுக்கு டப்பாக்கள் வந்தன. உஸ்பெகிஸ்தானில், தாஷ்கண்ட் நகரத்து அரசு ஸ்டூடியோவில் எடுத்த படம். ரஷ்ய மொழியில் பேசும், அடியில் ஆங்கில எழுத்து ஓடும். நான் மைக்கில் தமிழில் விளக்கம் சொல்ல வேண்டும். கூடவே ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் வந்தது.

தாஷ்கண்ட் என்று லேபிளில் பார்த்ததுமே எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது. நான் தேதிகள் சேகரிப்பவன். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். நான் எது எந்த ஆண்டு நடந்தது என்று நீள நோட்டில் எழுதி வைப்பேன். இடது பத்தியில் ஆண்டு, வலது பத்தியில் நிகழ்ச்சி. சோவியத் பத்திரிகைகள் அப்போது மலிவாகக் கிடைக்கும், தாளும் பளபளவென்று இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் புத்தக அட்டைக்குப் போட்டார்கள். நான் படித்தேன். பெரம்பலூர் நூலகத்தில் கிடைத்ததை வைத்தும், திருச்சிக்குப் போய்ப் பார்த்ததை வைத்தும் உஸ்பெக் சினிமாவுக்கு மட்டும் ஒன்பது பக்கம் தயார் செய்தேன். பெரம்பலூர் தாலுக்காவில் வேறு யாரிடமும் இந்த ஒன்பது பக்கம் இருந்திருக்காது. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். படம் வந்ததும் ஆபரேட்டர் அதை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிலிமில் கிழிசல் உண்டா, ஒட்டு விட்டிருக்கிறதா, ஓரத்து ஓட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, 'பார்த்தேன், நன்று' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஒதுக்கிய இரண்டு மாலையிலும் நான் உரை எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்தை மட்டும் போட்டேன். தேதியும் போட்டேன். தேதி சரியானது.

3. உரை

மாலை 6.40-க்கு ஜெனரேட்டரை ஓட்டினோம். நான்கு பல்புகளும் மைக்கும் உயிர்பெற்றன. 6.52-க்கு மைக்கைப் பிடித்தேன்.

"தாஷ்கண்ட் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்" என்று ஆரம்பித்தேன்.

"நம்ம பிரதம மந்திரி செத்துப்போன ஊரு" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். பாராட்டினேன். அது 1966 ஜனவரி என்றும், அதே ஆண்டு ஏப்ரலில் அந்த நகரத்தைப் பெரிய பூகம்பம் தாக்கியது என்றும் சொன்னேன். ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் அமைந்துவிட்டால் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி கூட்டத்துக்கு ஏற்படவில்லை.

அங்கிருந்து பின்னால் போனேன். கீவா என்ற பழைய ராஜ்ஜியத்தில் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், 1908 வாக்கில் ஒரு சினிமா கேமராவை வரவழைத்து, கோட்டையையும் அங்கே ஆண்ட கானின் குதிரை வண்டியையும் படம் பிடித்தார். உஸ்பெக் சினிமா அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்றேன்.

"அந்தப் போட்டாக்காரரு அப்பறம் என்னா ஆனாரு?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

என் நோட்டில் அவருடைய தொடக்கம் இருந்தது, முடிவு இல்லை. பளபளப்புத் தாள் பத்திரிகைகள் எதிலும் அது இல்லை. 1930-களின் இறுதியில் அவரைக் கைது செய்து கொன்றுவிட்டார்கள் என்பதை சோவியத் யூனியன் கலைந்த பிறகுதான் படித்தேன். அன்று நான், "அவர் சிறப்பாகத் தொண்டாற்றினார்" என்று சொல்லிவிட்டு 1925-க்குத் தாவினேன்.

1925-ல் தாஷ்கண்டில் அரசாங்கம் ஸ்டூடியோ தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு பழைய மதரஸாவுக்குள் கேமராவையும் விளக்குகளையும் கொண்டுபோய் வைத்தார்கள்.

வேன் பக்கமிருந்து காதர் பாயின் குரல் மைக்கிலேயே விழுந்தது: "மதரஸாவுலயா சினிமா எடுத்தானுவ? தௌபா, தௌபா!"

கூட்டம் சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மௌனப் படக் காலத்தில் நடிக்க உள்ளூர்ப் பெண்கள் கிடைக்காமல் வெளியூர் நடிகைகளை வரவழைத்ததைச் சொன்னேன். முகத்திரையை எடுத்த பெண்கள் கொலைசெய்யப்பட்ட காலம் அது என்றும், அப்படிப்பட்ட நாட்டில் திரையில் ஒரு பெண் முகம் தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்றும் சொன்னேன். இது எடுபட்டது. பெண்கள் பக்கம் அமைதியாகக் கேட்டார்கள். 1937-ல்தான் அங்கே முதல் பேசும் படம், நம் தமிழ்ப் படம் 1931-லேயே பேசிவிட்டது என்றபோது விசில் பறந்தது. ஏழரை மணிக்கு முன்பே, அந்த விசிலோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நான் உலகப் போருக்குப் போனேன். ஜெர்மனிக்காரன் படையெடுத்ததும் மாஸ்கோ, லெனின்கிராடு ஸ்டூடியோக்காரர்கள் பலர் கேமராக்களோடும் குடும்பத்தோடும் ரயிலேறித் தாஷ்கண்டுக்கு வந்தார்கள், உள்ளூர் இளைஞர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள் என்று விவரித்தேன்.

"பெரம்பலூருக்கே ரயில் இல்ல, தாஷ்கண்டு ரயில வெச்சிக்கிட்டு நாங்க என்னா பண்றது?" என்றான் ஒருவன்.

"படத்தப் போடுங்க சார், புள்ளைங்க தூங்குது" என்றது இன்னொரு குரல்.

1958-ல் ஸ்டூடியோவுக்கு இப்போதைய பெயர் வைத்ததும், 1968-ல் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா தாஷ்கண்டில் தொடங்கியதும் பாக்கி இருந்தன. தயாரித்ததை விட்டுவிட மனம் வரவில்லை. 7.39-க்கு நன்றி சொன்னேன். நாற்பத்தேழு நிமிடம். அவ்வளவு நேரமும் நான்கு பல்புகளுக்கும் மைக்குக்கும் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

4. பந்தயம்

படம் எளிமையான கதை. மலையடிவாரத்தில் ஒரு வறண்ட ஊர். அங்கே ஒருவன் மலைக்குள் தண்ணீர் இருக்கிறது என்று நம்பித் தனியாளாகச் சுரங்கம் வெட்டுகிறான். ஆடுகள் போகின்றன, குதிரை போகிறது, மனைவி அழுகிறாள், அவன் வெட்டிக்கொண்டே இருக்கிறான். நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் கடப்பாரை பாறையில் பட்டுத் தெறித்தபோது, "கரும்பாற" என்று கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இரண்டாவது ரீல் முடிந்து மூன்றாவதை மாட்டிக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில்தான் அந்தப் பந்தயம் நடந்தது. முன்வரிசையில் செல்லமுத்து என்ற விவசாயியும் அவர் மனைவி அஞ்சலையும் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோக்காரரின் முடிவைக் கேட்டது இந்த அஞ்சலைதான். செல்லமுத்து வெட்டிய கிணறு நாற்பது அடிக்குக் கீழே பாறையில் முட்டி நின்றிருந்தது. வெடி வைத்து மேலும் இறக்குவதற்காக உழவு மாட்டு ஜோடியை விற்க முடிவு செய்திருந்தார். மாட்டுத் தரகர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரப்போகிறார். அஞ்சலை கூடாது என்கிறாள். இது ஊருக்கெல்லாம் தெரிந்த சண்டை. படம் அதைக் கிளறிவிட்டது.

"பாத்தியா, ஒன்னாட்டமே ஒருத்தன்" என்றாள் அஞ்சலை. "அவனுக்கும் பொண்டாட்டி சொல்றது காதுல ஏறல."

"தண்ணி வரும் பாரு புள்ள. அப்ப என்னா சொல்லுவ?"

"வராது."

"வந்துட்டா? படத்துல தண்ணி வந்துட்டா நான் மாட்ட விப்பேன், நீ வாயத் தொறக்கக் கூடாது."

"வல்லன்னா நீ கெணத்துப் பக்கமே போவக் கூடாது. ஊரு சாட்சி."

"ஊரு சாட்சி!" என்று கூட்டம் ஆரவாரித்தது. அது பாதி விளையாட்டு. ஆனால் செல்லமுத்து யார் சொல்லியும் கேட்காதவர். அவரே ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். மூன்றாவது ரீல் ஓடத் தொடங்கியது. பதினோரு நிமிடம் கழித்துச் சுரங்கத்துக்குள் அவன் காதைப் பாறையில் வைத்து எதையோ உற்றுக் கேட்டான். அந்த இடத்தில் பெட்ரோல் தீர்ந்தது.

கத்தல் ஓய்ந்த பிறகு செல்லமுத்து எழுந்து வந்தார். "சரி சார், போவட்டும். தண்ணி வந்துச்சா வல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க."

நான் கதைச் சுருக்கத்தை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசி வரியின் பொருள் இது: அவனுடைய உழைப்பு பலன் தருகிறதா? திரையில் காணுங்கள்.

"சோவியத் படங்களில் பொதுவாகத் தண்ணீர் வந்துவிடும்" என்றேன்.

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாளைக்கி மாட்ட ஏத்தி விட்டுட வேண்டியதுதான்."

அஞ்சலை நகரவில்லை. "பொதுவா வேணாங்க. நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஆனால் அந்த அம்மா என் முகத்துக்கு நேரே அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தஞ்சுல ரஷ்யாவுல என்னா நடந்துச்சின்னு மணிக்கணக்கா சொன்னீங்க. இந்த டப்பாவுக்குள்ள என்னா இருக்குன்னு தெரியாதுங்கிறீங்களே!"

அது ரஷ்யா இல்லை, உஸ்பெகிஸ்தான் என்று திருத்த வாயெடுத்தேன். காதர் பாய் என் தோளில் கைவைத்தார். எங்கள் ஏழு வருட வேலைப் பழக்கத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

5. முடிச்சு

மறுநாள் வந்து கடைசி ரீலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் எடுக்க அனுமதி இல்லை. திங்கட்கிழமை காலை டப்பாக்கள் அரியலூர் பார்சல் ஆபீஸில் இருக்க வேண்டும். தரகர் சாயங்காலம் வந்துவிடுவார் என்பதால் பட்டப்பகலில்தான் காட்ட வேண்டும். பகலில் திரையில் ஒன்றும் தெரியாது.

"பருத்திக் கெடங்குல போடுங்க" என்றார் ஒருவர். ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் இருட்டு. அது தீர்ந்தது.

நான் ரீலைக் கையால் சுற்றி டப்பாவில் வைத்து மூடினேன். அப்போது அஞ்சலை ஒரு பழைய புடவைக் கிழிசலைக் கொண்டுவந்து டப்பாவைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி முடிச்சுப் போட்டாள். பருத்தி மூட்டையை வியாபாரியிடம் அனுப்பும்போது வழியில் யாரும் கை வைக்காமல் இருக்க அந்தப் பக்கத்துப் பெண்கள் போடும் முடிச்சு அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விதம். பிரித்துவிட்டு வேறொருவர் அதேபோல மறுபடி போட முடியாது.

"நீங்க வூட்ல பாத்துட்டு வந்து எதையாச்சும் வெட்டி ஒட்டிடுவீங்க. இது இப்படியே வரணும். ஊரு முன்னாடிதான் பிரிக்கணும்."

அரசாங்கச் சொத்தின் மேல் தனியார் முடிச்சு. பதிவேட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்.

திரும்பும் வழியில் குன்னம் தாண்டியதும் காதர் பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "தம்பி, நாளைக்கி வண்டி எடுத்தா ரெண்டு பேருக்கும் மெமோ வரும். தெரியுமில்ல?"

"தெரியும் பாய். நான் பஸ்ஸுல கொண்டுபோயிடுறேன்."

"புரொஜெக்டர பஸ்ஸுலயா? ஜெனரேட்டர மடியில வெச்சிக்குவீங்களா? காலையில பத்து மணிக்கி வரேன். எனக்கும் அந்தத் தண்ணி என்னா ஆச்சின்னு தெரியணும்ல."

அன்றிரவு டப்பா என் மேசை மேல் இருந்தது. முடிச்சைப் பல கோணத்தில் ஆராய்ந்தேன். பிரித்தால் மீண்டும் போட முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். என் நேர்மைக்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

6. பருத்திக் கிடங்கு

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கிடங்கு நிரம்பிவிட்டது. மூட்டைகள் மேல், மூட்டைகளுக்கு நடுவில், கதவுச் சந்துக்குச் சாக்கு அடைத்துக்கொண்டு என்று ஊர் முழுவதும் உள்ளே இருந்தது. முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். பஞ்சுத் தூசியில் ஆளாளுக்குத் தும்மினார்கள். ஜெனரேட்டரில் என் கைக்காசில் வாங்கிவந்த பெட்ரோலை ஊற்றி, தொலைவில் வேப்பமரத்தடியில் வைத்து வயர் இழுத்தோம். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் காதர் பாய் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்.

அஞ்சலை முடிச்சைத் தடவிப் பார்த்து, ஊரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பிரித்தாள். நான் பிலிமை மாட்டினேன். மைக் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

"சார் பேசலியா?" என்று யாரோ கேட்க, "அய்யய்யோ!" என்றது கூட்டம்.

2.20-க்கு ரீல் ஓடத் தொடங்கியது. அவன் பாறையில் காதை வைத்துக் கேட்ட இடம் வந்தது. கிடங்கில் தும்மல்கூட நின்றது. அவன் கடப்பாரையை ஓங்கி இறக்கினான். பாறை பிளந்தது. பின்னால் இன்னொரு பாறை. காய்ந்த பாறை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வல்ல" என்றாள் அஞ்சலை, மெதுவாக. அவள் குரலில் வெற்றி இல்லை. செல்லமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடியவில்லை. தூரத்தில் ஏதோ சத்தம். அவன் சுரங்கத்தை விட்டு வெளியே வருகிறான். அடிவானம் முழுக்கத் தூசி. டிராக்டர்கள், மண்வாரி இயந்திரங்கள், மண்வெட்டியோடு ஆயிரக்கணக்கான ஆட்கள். அரசாங்கம் எங்கோ தொலைவில் இருந்த ஆற்றிலிருந்து பெரிய கால்வாய் வெட்டிக்கொண்டு வருகிறது. மதகு திறக்கிறது. தண்ணீர் புரண்டு வருகிறது. அவனும் மனைவியும் அதில் முகம் கழுவுகிறார்கள். முற்றும்.

"வந்துச்சுடா!" என்று செல்லமுத்து எழுந்து நின்றார். "தண்ணி வந்துச்சா இல்லியா? ஊரு சொல்லட்டும்!"

"வந்துச்சு, வந்துச்சு" என்றது ஒரு பக்கம்.

"அவன் வெட்டுனதுல வல்லியே" என்றது இன்னொரு பக்கம்.

"பந்தயம் என்னா? படத்துல தண்ணி வந்தாங்கறதுதான? எதுலேர்ந்துன்னு பேச்சே இல்லியே!"

விவாதம் இருபது நிமிடம் நடந்தது. திரைப்பட விமர்சனங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவ்வளவு கூர்மையான ஒன்றை இதுவரை படித்ததில்லை. அவன் வெட்டாமல் சும்மா இருந்திருந்தாலும் கால்வாய் வந்திருக்குமே, அப்புறம் ரெண்டு ரீல் எதுக்கு என்று ஒருவர் கேட்டார். அந்த ஸ்டூடியோவைப் பற்றி நான் எழுதிய ஒன்பது பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. அரசு ஸ்டூடியோ, அரசு எடுத்த படம், கடைசியில் அரசு வந்து காப்பாற்றுகிறது. இவ்வளவு நேரானதை நான் அதுவரை பார்க்கத் தவறியிருந்தேன்.

கடைசியில் அஞ்சலை எழுந்தாள்.

"சரிய்யா, வந்துச்சி. நீதான் செயிச்ச. யாரு கொண்டாந்தா? கவருமெண்டு கொண்டாந்துச்சி. அப்ப நீ மாட்ட வித்து வெட்டி என்னா ஆவப்போவுது? கவருமெண்டு வரட்டும். அதுவரைக்கும் மாடு இருக்கட்டும், உழுவணுமில்ல."

கிடங்கு சிரிப்பில் அதிர்ந்தது. செல்லமுத்துவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் பழைய இடத்துக்குப் போக முடியவில்லை. "போ புள்ள, தரகன நீயே திருப்பி அனுப்பிக்க" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அஞ்சலை என்னிடம் வந்தாள். இந்த முறை முகத்தில் கேலி இல்லை.

"சார், நீங்க கவருமெண்டு வண்டியிலதான வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"எல்லாத்துக்கும் வருசம் மாசம் சொல்றீங்க. எங்க ஊருக்குக் கால்வா எந்த வருசம் வரும்?"

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. செல்லமுத்துவும் பார்த்தார். என்னிடம் இரண்டு பத்தி நோட்டு இருந்தது. நடந்தது எல்லாம் அதில் உண்டு.

"தெரியாதுங்க" என்றேன்.

"இதையாச்சும் உண்மையா சொன்னீங்களே" என்று சொல்லி, டப்பாவைச் சுற்றியிருந்த புடவைக் கிழிசலை உதறி எடுத்துக்கொண்டு போனாள்.

7. மக்கள் கருத்து

ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் 'மக்கள் கருத்து' என்று ஒரு கட்டம். ஏழு வருடமாக அதில் நான் எழுதி வந்தது இரண்டே சொல்: 'மிகவும் ரசித்தனர்.' குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்துக்கும் அதுதான், பூச்சி மருந்துப் படத்துக்கும் அதுதான்.

ஞாயிறு காட்சியை நான் எழுதாமல் விட்டிருந்தால் ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்காது. டப்பாக்கள் திங்கள் காலை சரியான நேரத்துக்கு அரியலூரில் ரயிலேறிவிட்டன. ஆனால் நடந்ததை எழுதாமல் விட எனக்குத் தெரியாது. இடம், நேரம், பெட்ரோல், எல்லாம் எழுதினேன். படம் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன். மக்கள் கருத்தில் அஞ்சலை கேட்டதை அப்படியே எழுதினேன்.

புதன்கிழமை அதிகாரி கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல, ஆனால் ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருடம் இருந்ததால் எதற்கும் பயப்படுவார்.

"யோவ், பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதியிருக்க. ஞாயித்துக்கெழமை வேன் எடுத்தேன்னு எழுதியிருக்க. யாருய்யா ஒன்ன எழுதச் சொன்னது?"

"நடந்துச்சு சார்."

"நடந்தா எழுதிருவியா? மெமோ ரெண்டு. ஒனக்கு ஒண்ணு, காதருக்கு ஒண்ணு."

"பாய்க்கு வேண்டாம் சார். நான் சொல்லித்தான் எடுத்தார்."

"சரி, ரெண்டும் ஒனக்கே." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இது என்னாய்யா? 'எங்கள் ஊருக்குக் கால்வாய் எந்த ஆண்டு வரும்?' மக்கள் கருத்துல கேள்விய எழுதினா மேல இருந்து பதில் கேப்பான்யா. நான் என்னா பதில் எழுதுறது?"

"தெரியாதுன்னு எழுதலாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியாதுன்னு எழுத எந்த ஃபாரத்துலய்யா கட்டம் இருக்கு?"

பேனாவை எடுத்து அஞ்சலையின் கேள்வியை அடித்துவிட்டு, என்னிடம் நீட்டினார். மேலே என்ன எழுத வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். எழுதினேன். மிகவும் ரசித்தனர். ஓரத்தில் சிறிய எழுத்தில் தேதி போட்டேன்.

இளையவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். படம் காட்டுகிறவன் கடைசி ரீலை முதலில் பார்த்துவிட வேண்டும். பேசுவதற்கு விஷயம் அதிகம் இருந்தால் பெட்ரோலைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். உஸ்பெக் சினிமாவின் வரலாற்றை அதன் பிறகு நான் எந்த ஊரிலும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் சேர்த்துக்கொண்டே வந்தேன். இப்போது ஒன்பது பக்கம் அறுபது பக்கம் ஆகியிருக்கிறது. அதில் கடைசிப் பக்கத்தின் வலது பத்தியில் 'கால்வாய்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறேன். இடது பத்தியில் இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை.